மாடிப்படி செட்டிங்

எங்கள் காரில் நான் ஈக்வலைசர் வைத்ததற்கு இசை ஆர்வம் காரணமில்லை. என் மகள் என்னோடு பேச வேண்டும் என்பதுதான் காரணம். அப்போது இதை யாரிடமாவது வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், "பேசணும்னா பேச வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு வயர்?" என்று கேட்டிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை. காரோடு வந்த கம்பெனி ஸ்டீரியோவில் ட்ரெபிள், அதாவது உயர்ந்த சத்தம், போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். நடுவயது ஆண்கள் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் இது ஓரளவுக்கு மரியாதையானது.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஆபீஸ் என்பது பெரிய வார்த்தை. பவர் பிரஸ் கூடத்தின் மூலையில் கண்ணாடி அடைத்த ஒரு கூண்டு, அவ்வளவுதான். வெளியே இரும்புத் தகடுகளை இயந்திரங்கள் எட்டு மணி நேரமும் இடித்துக்கொண்டிருக்கும். உள்ளே நான் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் ஒரு ரஷ்ய நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். காதில் அடைத்துக்கொள்ள வருடா வருடம் ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். வாங்கி இழுப்பறையில் போட்டுவிடுவேன். ஒருமுறை அதில் ஒன்றை ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். இருபது வருடத்தில் அந்த அடைப்பானால் பயனடைந்தது அந்த மேஜை ஒன்றுதான்.

அந்த வருடம் ஒரு சின்ன வெள்ளைக் காரை இரண்டாம் கையாக வாங்கினோம். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது என் பொறுப்பானது. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. காக்ஸ் டவுன் மார்க்கெட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டில் மாட்டி, அங்கிருந்து பிரேசர் டவுன் சந்துகளில் வளைந்து போக இருபது, இருபத்தைந்து நிமிடமாகும். நான் வீடு திரும்பும்போது அவள் டியூஷனில் இருப்பாள். அவள் திரும்பும்போது நான் செய்தித்தாளுக்குள் இருப்பேன். ஆகவே ஒரு நாளில் நாங்கள் இருவரும் அப்பாவும் பெண்ணுமாக இருந்தது அந்தக் காருக்குள் மட்டும்தான்.

ஆரம்பத்தில் அவள் பேசினாள். மெல்லிய குரல் அவளுக்கு. தாளில் பென்சில் உரசுகிற மாதிரி. நான் சாலையைப் பார்த்தபடி, "என்னது?" என்பேன். மறுபடி சொல்வாள். மறுபடி, "என்னது?" மூன்றாவது முறையும் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும். "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிடுவேன். சில நாள் எரிச்சலில், "வாயத் தொறந்து பேசும்மா, ஏன் முணுமுணுக்கிற?" என்று அதட்டியும் இருக்கிறேன். கொஞ்ச நாளில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என்ன கேட்டாலும் ஒரே பதில்.

"ஒண்ணுமில்ல."

இந்த ஒரு சொல் மட்டும் எனக்கு எப்போதும் பளிச்சென்று கேட்டது. மற்றதையெல்லாம் முணுமுணுத்துவிட்டு இதை மட்டும் தெளிவாகச் சொல்கிறாளே, வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று முடிவுகட்டினேன். வயது அப்படி என்றாள் என் மனைவி. என் மனைவியோடு எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. அவள் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து நிற்பார்.

பெண் பேசாவிட்டால் போகட்டும், பாட்டாவது கேட்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்குப் பாட்டென்றால் உயிர். கேசட் கேசட்டாக வாங்குவாள். ஆனால் என் காதுக்கு அந்தக் கம்பெனி ஸ்டீரியோ, பாடகர்களைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் கிடத்திவிட்டுப் பாடச் சொன்ன மாதிரி இருந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்றாள் மனைவி. தொழிற்சாலை நண்பர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஜம்முனு இருக்கு" என்றார். இவர்களுக்கெல்லாம் ரசனை போதாது என்று எனக்குத் தோன்றியது. எதையும் படித்துவிட்டுத்தான் கெடுப்பது என் பழக்கம். நடைபாதைக் கடையில் ஒலியியல் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கி, பதிவேட்டுக்கு அடியில் நாவல் இருந்த இடத்தில் வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் உலகத்தின் எல்லாச் சத்தத்தையும் ஏழு பங்காகப் பிரித்து, பிடித்ததை ஏற்றி, பிடிக்காததை இறக்கிக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது என்று புரிந்தது. அப்பாவாக இருப்பதற்கும் இப்படி ஒன்று இருக்கக்கூடாதா என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போன கார் ஸ்டீரியோ கடை, ஒரு சந்தில் ஷட்டர் வைத்த ஒற்றை அறை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்த உடம்பு. அந்த உடம்பை டேஷ்போர்டுக்கு அடியில் அவர் எப்படி நுழைக்கிறார் என்பது தனி வித்தை. கன்னடக்காரரிடம் கன்னடம், துலுக்கரிடம் உருது, என்னிடம் தமிழ் என்று கால்கள் மட்டும் வெளியே தெரிய, காருக்குள்ளிருந்தே வியாபாரம் பேசுவார்.

"கம்பெனி செட்ட கழட்டிட்டு வேற போட்டுடலாமா சார்?"

"வேணாம். அது இருக்கட்டும். ஈக்வலைசர் மட்டும் சேர்க்கணும்."

"கம்பெனி செட்ல அதுக்குன்னு தனியா லைன் வுட மாட்டான் சார். ஸ்பீக்கருக்குப் போற வயர அறுத்துத்தான் இதுக்குள்ள வுட்டு வெளிய எடுக்கணும். பேஜார் புடிச்ச வேலை. பண்ணலாம், ஆனா ஒண்ணு. அப்புறம் நீ கெடுத்துட்டேன்னு எங்கிட்ட வரக்கூடாது."

"வரமாட்டேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வராங்க."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. ஸ்டீரியோவுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. அதில் மேலும் கீழும் நகர்த்துகிற ஏழு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே பச்சையும் சிவப்புமாகச் சின்ன விளக்குகள், சத்தத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கின. இடது பக்கப் பொத்தான் தவில் மாதிரி அடிச் சத்தத்துக்கு. வலது ஓரத்துப் பொத்தான் ஜால்ராவின் நுனிச் சத்தத்துக்கு. நடுவில் உள்ளதெல்லாம் மற்றவர்களுக்கு.

பொத்தான்களைச் சரிசெய்து கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் செய்யவும் மாட்டாராம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது.

"செட்டிங் நான் தொடமாட்டேன் சார். வண்டி உங்களுது, காது உங்களுது. ஒரு வேலை பண்ணுங்க. ஒரு வாரம் ஓட்டுங்க. உங்களுக்கு எது புடிக்குதோ அப்படி வெச்சுக்கோங்க. அடுத்த ஞாயிறு வாங்க, பொட்டு வெச்சுத் தரேன்."

பொட்டு என்றால் சிவப்பு நகச்சாயம். பொத்தான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவார். பின்னால் வீட்டில் யார் கைபட்டு மாறினாலும் பொட்டைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். வாசலில் நின்ற இரண்டு கார்களில் எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி: இரண்டு ஓரமும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பல் தெரியாமல் சிரிக்கிற வாய் மாதிரி ஏழு சிவப்புப் பொட்டு.

"பெங்களூரே இப்படித்தான் சார் வெக்கும். சிரிப்பு செட்டிங்" என்றார்.

ஊரே ஒரு மாதிரி வைக்கிறது என்றால் நான் வேறு மாதிரி வைப்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினைக் கூடப் போடாமல், மகளின் கேசட் ஒன்றை ஓடவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வலது பக்கப் பொத்தான்களை ஏற்ற ஏற்ற, பாடகி கம்பளியை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விஞ்ஞானத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

திங்கட்கிழமை காலை மகள் ஏறி உட்கார்ந்தாள். நான் ஒன்றும் தெரியாதவன் போல வண்டியை எடுத்து, தெருமுனை தாண்டியதும் கேசட்டை ஓடவிட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி சுருங்கியது. ஏதோ சொன்னாள்.

"நல்லாருக்குல்ல?" என்றேன்.

அவள் மறுபடி சொன்னாள். பிறகு குரலை உயர்த்தி, "அப்பா! விசில் அடிக்குது!" என்றாள்.

"யாரு?"

"யாரும் இல்ல. இதுதான். நீங்க ஆக்சிலேட்டர மிதிச்சா கத்துது. காது கிழியுது, நிறுத்துங்கப்பா."

நான் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். விட்டுப் பார்த்தேன். பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. "எங்க? ஒண்ணும் கேக்கலியே."

"இப்ப கூட கத்துது!"

"எனக்குக் கேக்காத விசில் உனக்கு மட்டும் கேக்குதா?"

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு டெம்போ, பின்னால் ஒரு பேருந்து. தப்பிக்க இடமில்லாத அந்த இடத்தில், அவளிடம் நான் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "உனக்கு நான் என்ன செஞ்சாலும் புடிக்காது. அதான் விஷயம்."

கேட் திறந்தது. பள்ளி வரும்வரை அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்சீட்டில் ஏறினாள். நான் வாடகைக் கார் ஓட்டுநர் ஆனேன். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் என் மனைவி, சாம்பாரைக் கரண்டியோடு என் தட்டுக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு செய்தியைச் சொன்னாள்.

"ஏங்க, வர்ற திங்கள்லேர்ந்து அவ பஸ்லயே போறாளாம். கூடப் படிக்கிற பொண்ணுங்க நாலு பேர் போறாங்களாம்."

"ஏன், கார் இருக்கே?"

"கார் இருக்கு. அதுல நீங்களும் இருக்கீங்களே."

சாம்பார் விழுந்தது. எனக்குப் பசி போயிருந்தது. பஸ்ஸில் போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம், பெட்ரோல் மிச்சம். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடமும் போய்விட்டால், அவளுக்கும் எனக்கும் நடுவில் கையெழுத்துப் போட வேண்டிய மதிப்பெண் அட்டை ஒன்றுதான் மிஞ்சும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

செய்தது நானல்ல, என் மனைவி. ஞாயிறு காலை மகளைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் காரில் ஏற்றினாள். "விசில் அடிக்குதுன்னு நீதானே சொல்ற? நீயே போய் அந்த ஆள்கிட்ட சொல்லு. அப்பா சொன்னா தமிழ்ல ஒரு கட்டுரை வாசிப்பாரு, அந்த ஆளுக்கு ஒண்ணும் புரியாது."

கடைக்காரர் கதவைத் திறந்தார். ஈக்வலைசரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஈக்வலைசரைப் பார்த்தார்.

"இன்னா சார், மாடிப்படி கட்டி வெச்சிருக்கீங்க?"

உண்மைதான். இடது ஓரப் பொத்தான் அடித்தளத்தில் கிடந்தது. அங்கிருந்து ஒவ்வொன்றும் ஒரு படி ஏறி, வலது ஓரத்தில் இரண்டு பொத்தான்கள் மொட்டைமாடியில் முட்டிக்கொண்டு நின்றன.

"எனக்கு இப்படித்தான் தெளிவா கேக்குது" என்றேன், ஒலியியல் படித்தவனின் பெருமிதத்தோடு.

அவர் இன்ஜினைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். அடுத்த நொடி பாம்பைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்து ஸ்டீரியோவை நிறுத்தினார். "ஐயய்யோ! இன்னா சார் இது, பிரஷர் குக்கர் மாதிரி கத்துது! இத வெச்சுக்கிட்டா ஒரு வாரம் ஓட்டினீங்க?"

பின்சீட்டிலிருந்து, வாரம் முழுவதும் கேட்காத உற்சாகத்தோடு ஒரு குரல் வந்தது. "நான் சொன்னேன்ல அண்ணா! நான் சொன்னேன், அப்பா நம்பவே இல்ல!"

"என் வேலைதான் தப்பு பாப்பா. ஸ்டீரியோவுக்கு ஒரு எடத்துல எர்த், இதுக்கு வேற எடத்துல எர்த் குடுத்துட்டேன். அதான் இன்ஜின் சத்தம் உள்ள பூந்துக்குது. அஞ்சு நிமிஷம்." அவர் டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து கால்களானார். கால்களிலிருந்து குரல் வந்தது. "ஆனா சார், இது உங்களுக்கு எப்படி கேக்காம இருந்துச்சு?"

"நான் பாட்டை மட்டும்தான் கவனிப்பேன்" என்றேன்.

எர்த் வயரை மாற்றி முடித்ததும் அவர் ஒரு கேசட்டை எடுத்து வந்தார். அதில் பாட்டு கிடையாது, சத்தங்கள் மட்டும். கதவுப் பலகை எங்கே அதிர்கிறது என்று கண்டுபிடிக்க, யாரிடமோ சொல்லிப் பதிந்து வாங்கியதாம். பத்துப் பத்து விநாடிக்கு ஒரு சத்தம், தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை. பொத்தான்களையெல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிகளை ஏற்றினோம். நான் ஓட்டுநர் இருக்கையில், அவர் பக்கத்தில், மகள் பின்னால்.

முதலில் ஒரு யானை பெருமூச்சு விட்டது. அடுத்து ஒரு சங்கு. அப்புறம் தொலைபேசியை எடுத்தால் வருகிற ஒலி. பிறகு புல்லாங்குழல் மாதிரி ஒன்று. அதற்கு மேலே ஒன்று, கொசு அளவுக்கு. அதன் பிறகு எதுவும் இல்லை.

"முடிஞ்சிருச்சு" என்றேன், கதவைத் திறக்கக் கைவைத்தபடி.

திரும்பினேன். கடைக்காரர் ஒரு கண்ணை மூடி, தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தார். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் மகள் தெரிந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஈக்வலைசரின் வலது ஓரத்தில் பச்சையும் சிவப்பும் உச்சிவரை ஏறி நின்று எரிந்துகொண்டிருந்தன. நிசப்தத்தில் விளக்குகள் மட்டும் கூத்தாடின.

நான் கதவைத் திறக்கவில்லை.

கடைக்காரர் கேசட்டை நிறுத்தினார். அவ்வளவு நேரமும் கிண்டல் பேசியவர் குரலை இறக்கி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, கேட்டார். "சார், இது உங்களுக்கு கேக்கலியா?"

"எது?" என்றேன். அதிலேயே பதில் இருந்தது.

மகள் கையை எடுத்துவிட்டு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் முகத்தை நீட்டினாள். "அப்பா, நிஜமாவே கேக்கலியா? வெளையாடலியே?"

நகைச்சுவையாக எதையாவது சொல்லலாம் என்று தேடினேன். இருபது வருடமாக வாசித்த நாவல்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. கேட்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப நான் பேசுறது?" என்றாள். "காலைல, கார்ல, நான் பேசுறதெல்லாம்?"

"பாதி கேக்கும்."

"மிச்ச பாதி?"

"நீ முணுமுணுக்கிறேன்னு நெனச்சேன்."

"நான் பேசுறது உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன்" என்றாள்.

கடைக்காரர் ஜன்னல் வழியே எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நகச்சாயப் புட்டியைச் சட்டைப்பையில் போட்டார்.

"இந்த செட்டிங்குக்கு நான் பொட்டு வெக்கமாட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க. வண்டில ஒரு கொறையும் இல்ல. மொதல்ல ஒரு காது டாக்டர பாத்துட்டு வாங்க."

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போகவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. நானும் வேலைக்குப் போகவில்லை. மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு பெட்டி அறைக்குள் என்னை உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரீட்சை எழுதிய பழக்கத்தில், கேட்காதபோதும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். பரிசோதித்த பெண்மணி கண்ணாடிக்கு வெளியிலிருந்து விரலை ஆட்டினார். என் மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருப்பார்.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார். ஒரு கோடு இடது பக்கம் உயரத்தில் புறப்பட்டு, வலது பக்கம் போகப் போகப் படிப்படியாகக் கீழே இறங்கியது.

"எங்க சார் வேலை?"

சொன்னேன்.

"காதுக்கு ஒண்ணும் குடுக்கலியா?"

"குடுத்தாங்க" என்றாள் என் மனைவி. "மேஜைக்குப் போட்டுட்டாரு."

என் மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். மேல்பக்கம் கீழே வரும்படி புரட்டி, பின்பக்கத்திலிருந்து கோடு தெரிய வெளிச்சத்தில் பிடித்தாள். "அப்பா, இங்க பாருங்க. நீங்க வெச்ச மாடிப்படி."

பரிசோதித்த பெண்மணிக்கு விஷயம் புரியவில்லை. மகளே கார், ஸ்டீரியோ, ஏழு பொத்தான் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் சிரித்துவிட்டு, "காதுல கொறஞ்சத எல்லாம் கார்ல ஏத்தி வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பிச் சொன்னார். உயர்ந்த சத்தங்கள்தான் எனக்குப் போயிருக்கின்றனவாம். ச, த, க போன்ற வல்லின எழுத்துகளெல்லாம் அங்கேதான் இருக்கின்றனவாம். உயிரெழுத்துகள் வந்து சேர்ந்துவிடும்; மெய்யெழுத்துகளில் பாதி வழியிலேயே இறங்கிவிடும். மெல்லிய குரல் என்றால் இன்னும் மோசம். மூக்கில் ஒலிக்கிற எழுத்துகளும் ல, ழ வகையறாவும் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

நான் மனதுக்குள் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வல்லினமும் இல்லை. அவள் அதை மட்டும் வேண்டுமென்று தெளிவாகச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் என் காதில் நுழையத் தோதாக இருந்திருக்கிறது.

போனது திரும்பி வராது, ஆனால் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்றார்கள். இரண்டு வாரத்தில், சுண்டல் கடலையை நீட்டிவிட்ட மாதிரி ஒரு கருவி காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. உலகம் இவ்வளவு வாயாடி என்று எனக்குத் தெரியாது. செய்தித்தாளைத் திருப்பினால் பட்டாசு. மனைவியின் வளையல் தனியாகப் பேசியது. எங்கள் வீட்டு மின்விசிறி, தன் குறையை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ. முதல் இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் பழகியது.

அந்த மூன்றாம் நாள் காலை மகள் முன்சீட்டில் ஏறினாள். தெருமுனை தாண்டியதும் சாதாரணமாக, குரலை உயர்த்தாமல், "கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"அப்ப சில விஷயம் சொல்லணும். நான் சமஸ்கிருதத்த விட்டுட்டு பிரெஞ்சு எடுத்துட்டேன்."

"எப்ப?"

"ஜூன்ல. உங்கள கேட்டேன். சரி சரின்னு தலையாட்டினீங்க."

காக்ஸ் டவுன் மார்க்கெட் வருவதற்குள், நான் தலையாட்டிய இன்னும் சில விஷயங்கள் வெளியே வந்தன. ஹம்பி சுற்றுலா. காதில் இரண்டாவது துளை. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டால் ஒன்றை எடுத்துக்கொள்வது. நான் தாராளமான அப்பாவாக இருந்திருக்கிறேன்.

"அப்புறம் பேச்சுப் போட்டில பரிசு வாங்கினேன்" என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "இன்டர் ஸ்கூல். ரெண்டாவது பரிசு. ஆகஸ்ட்ல. கார்ல வரப்பதான் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"பாத்துக்கலாம்னீங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். இத்தனை மெல்லிய குரலை வைத்துக்கொண்டு மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கிய பெண்ணைத்தான், வாயைத் திறந்து பேசு என்று அதட்டிக்கொண்டிருந்தேன். "என்ன தலைப்பு?" என்று கேட்டேன். சொன்னாள். "என்ன பேசின?" என்றேன். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் பேருந்துக்காரர் ஹாரனில் கை வைக்கும்வரை பேசினாள். ஒவ்வொரு சொல்லும் முழுதாக வந்தது.

கேட்டைத் தாண்டியதும் அடுத்ததற்கு வந்தாள். பத்தாவது முடிந்து பி.யூ.சி.யில் சயன்ஸ் எடுக்கப் போவதில்லை, ஆர்ட்ஸ்தான்.

"அதெல்லாம் முடியாது" என்றேன். முதன்முதலாக முழுதாகக் கேட்டுச் சொன்ன பதில்.

"ஏன் முடியாது? நீங்க மட்டும் வேலை நேரத்துல நாவல் படிக்கலாமா?"

"படிச்சுத்தான் குமாஸ்தாவா இருக்கேன்."

"படிச்சதால இல்லப்பா. ஒளிச்சு வெச்சுப் படிச்சதால."

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. பிரேசர் டவுன் சந்துகளில் இடமும் வலமுமாக வளைந்து, பரிசு வாங்கிய பேச்சாளரிடம் நான் வகையாக அடி வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, ஸ்கூல் தாண்டிப் போயிட்டீங்க."

சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்கள், சைக்கிள்கள், வெள்ளைச் சட்டை போட்ட கூட்டம். அவள் இறங்கி ஓடினாள். கேட்டுக்குப் பக்கத்தில் போனவள் நின்று, திரும்பி, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அத்தனை இரைச்சலில் அது எனக்குக் கேட்கவில்லை. காதுக் கருவி ஒன்றும் தேவலோகத்திலிருந்து வந்ததல்ல. தலையாட்டிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, கேட்கவில்லை என்று காட்டினேன்.

அவள் மணியைப் பார்த்தாள், வாட்ச்மேனைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்கே திரும்பி ஓடிவந்து, ஜன்னலில் குனிந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

"டிபன் பாக்ஸ் பின்சீட்ல இருக்கு, எடுத்துக் குடுங்கப்பா."